கசாயச் சக்கையும் என் ஆட்டுக்கல்லும்

அந்தப் பிள்ளை ஈச்சிலம்பற்றுக்காரி. சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தபோது தாயும் தகப்பனும் முகாமுக்குப் போனார்கள். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த அவள், சாம்பல்தீவில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். அவள் படித்த இடத்தில்தான் நான் ஆய்வுகூட உதவியாளர். வாய் கொஞ்சம் நீளம் என்று அங்கே எனக்குப் பெயர்.

அவளுடைய ஆய்வு எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. சித்த மருந்தகத்தில் கசாயம் வடித்துவிட்டுக் கொட்டும் வேர், தண்டுச் சக்கையிலிருந்து நனோசெலுலோஸ் எடுக்கப்போகிறாளாம். அதாவது, செடியின் நாரைக் கண்ணுக்கே தெரியாத நூலாகப் பிரிப்பது. சக்கையைக் கோஸ்டிக் சோடா என்ற கடுங்காரத்தில் அவித்து, கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளில் வெளுத்து, அலசி, பஞ்சாக்கிவிட்டாள். அடுத்த படிக்குக் கந்தக அமிலம் வேண்டும். அந்த நாளில் அமிலம் என்றாலே குண்டு செய்யத்தான் என்று நினைப்பார்கள். அனுமதி கேட்ட கடிதம் மூன்று தரம் திரும்பி வந்தது. மாத முடிவுக்குள் மாதிரி வராவிட்டால் தலைப்பை மாற்றி இன்னொரு வருடம் இருக்கவேண்டும் என்றார் அவளுடைய ஆய்வுக்குப் பொறுப்பான சேர். இனி ஒரு வருடம் படிப்பிக்க ஏலாது என்று தகப்பன் முகாமிலிருந்து சொல்லியனுப்பினார்.

"அக்கா, உங்கட ஆட்டுக்கல்லைத் தருவீங்களோ?" என்று கேட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தோசைக்கு அரைக்கிற கல்லில சக்கையோ? விசர்க் கதை கதையாதையும், பிள்ளை."

"அமிலம் செய்யிறதைக் கல்லும் செய்யும், அக்கா. நேரந்தான் கூட எடுக்கும்."

கொடுத்தேன். பின்னேரங்களில் வந்து உட்கார்ந்து அரைப்பாள். கை கொப்புளித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு அரைத்தாள். தண்ணீரை அள்ளி ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. "தண்ணி கூடினாக் கல்லு வழுக்கும். தெளிச்சுத் தெளிச்சு அரையும்" என்று கத்திவிட்டு நானும் குழவியைப் பிடித்தேன். வீட்டுத் தோசையெல்லாம் கசாயத்து ஆடாதோடை மணத்தது. வீட்டில் எல்லோரும் அதையே சாப்பிட்டுவிட்டு எழும்பினார்கள்.

தினமும் ஒரு கரண்டி எடுத்துக் கிளாஸ் தண்ணீரில் கலக்கி வைப்பாள். விடிய நார் அடியில் படிந்து கிடக்கும். ஒன்பதாம் நாள் விடிய ஒன்றும் படியவில்லை. கிளாஸ் முழுக்க ஒரே பால் நிறம்; நார் அவ்வளவுக்கு நுணுகிவிட்டது. அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அப்படியொரு பிடிவாதத்தை நான் யாரிடமும் கண்டதில்லை.

மாதத்தின் கடைசி நாள், அரைத்ததைப் போத்தலில் அடைத்துக்கொண்டு இருவரும் பஸ்ஸில் போனோம். சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் ஒருவன் மூடியைத் திறந்தான். உள்ளே வெள்ளைக் களி.

"இது என்னா?"

பல்கலைக்கழகம் கொடுத்த கடிதத்தை நீட்டினாள். நனோசெலுலோஸ் என்ற சொல் அவன் முகத்தை இன்னும் கடுமையாக்கியது. தெருவோரச் சாக்கடைக் கானில் ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினான். அவள் ஒரு விரலால் களியை வழித்து வாயில் வைத்தாள். விழுங்கினாள். பிறகு போத்தலை அவனிடம் நீட்டினாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் மூடியைப் பூட்டித் திருப்பிக் கொடுத்தான்.

மத்தியானத்துக்கு முன்னமே போத்தல் சேரின் மேசைக்குப் போய்விட்டது. அதற்குமுன் பஸ்ஸில் நான் அவளைத் திட்டித் தீர்த்தேன். "கோஸ்டிக் சோடா மிச்சம் இருந்திருந்தாத் தொண்டை வெந்திருக்கும், தெரியுமோ?"

"நான்தானே கழுவினனான், அக்கா" என்றாள்.

இருபது வருடமாக ஆய்வுகூடத்தில் குடுவை கழுவியிருக்கிறேன். நான் கழுவிய ஒன்றில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க எனக்குத் துணிவு வந்ததில்லை.