நான் எழுதிய அந்த மூன்று

1957 வாக்கில் நடந்தது இது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டி மூன்று வருடம் ஆகியிருக்கும். மில் தொழிலாளிகளின் கூடைப்பந்து அணிக்கு நான்தான் ஸ்கோர் எழுதுகிறவன். ஆட்டத்துக்கு லாயக்கில்லாத எனக்கு அந்த வேலை கிடைத்ததே, பிரெஞ்சு படித்திருந்ததால்தான். எங்களிடம் இருந்த ஒரே விதிப் புத்தகம் பிரெஞ்சில் இருந்தது.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம். நடுக்கோட்டுக்குப் பின்னாலிருந்து வீசிப் பந்து கூடையில் விழுந்தால் மூன்று புள்ளி. யார் ஆரம்பித்து வைத்தார்களோ, தெரியாது. புத்தகத்திலோ எங்கிருந்து போட்டாலும் இரண்டுதான். அதைப் படித்தும் நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் ஆட்டத்தின் ருசி போய்விடும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடம் இறுதி ஆட்டம் கடலூர்க்காரர்களோடு. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் கோப்பையை அவர்கள்தான் கொண்டுபோனார்கள். கடைசி நிமிடத்தில் நாங்கள் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்கள் கேப்டன் தறி ஓட்டுகிறவர். நடுக்கோட்டுக்குப் பின்னாலிருந்தே பந்தை வீசினார். விழுந்தது! ஆட்டம் முடிந்ததாக விசிலும் ஊதியாயிற்று. மூன்று என்று எழுதினேன். நடுவர் எங்கள் ஊர்க்காரர், அவரும் தலையாட்டிவிட்டார்.

கடலூர் கேப்டன் மேசைக்கு வந்து ஸ்கோரைப் பார்த்தார். சண்டைதான் என்று நினைத்தேன்.

"பிரெஞ்சு சட்டம் போலிருக்குது. உங்க ஊருக்குத்தான் எல்லாமே தனியாச்சே" என்று சொல்லிவிட்டு, கை குலுக்கக் கையை நீட்டினார்.

எங்கள் கேப்டன் அந்தக் கையைப் பிடிக்காமல் என் பக்கம் திரும்பினார். "ஏம்பா, புஸ்தகத்துல இதுக்கு எத்தினின்னு போட்டிருக்கு?"

அவருக்குக் கையெழுத்துப் போடக்கூட வராது. நான் என்ன சொன்னாலும் நம்பியிருப்பார். "ரெண்டுதாண்ணே" என்றேன்.

"அப்ப ரெண்டுன்னே எழுது."

கூட்டம் அவரைத் திட்டித் தீர்த்தது. ஆட்டம் சமன் ஆனதால் இன்னும் ஐந்து நிமிடம் ஆடினார்கள். ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, சைக்கிளை எடுத்து ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போது டி.வி.யில் பார்க்கிறேன், கூடையைச் சுற்றிப் போட்ட வளைகோட்டுக்கு வெளியேயிருந்து போட்டால் மூன்று புள்ளியாம். அவர் வேண்டாமென்று விட்ட புள்ளியை உலகமே கொடுக்கிறது! அப்பேர்ப்பட்ட மனிதரோடு பழகினேன் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்தாலும், "புஸ்தகத்துல எத்தினின்னு போட்டிருக்கு?" என்று அவர் கேட்பதுபோல் இருக்கும், இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன்.