யசோதினி கழற்றிய பூட்டு

அம்பிட்டிய முதியோர் இல்லத்தின் கேட்டில் தொங்கிய பூட்டைக் கழற்ற வைத்தவள் யசோதினி. சமூக சேவை உத்தியோகத்தராக வந்து சேர்ந்த சூட்டோடு, பெரியவர்களை ஆடுமாடு மாதிரி அடைத்து வைக்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்தாள். வேலையில் திருப்தி இருக்கிறதா என்று போன வாரம் ஒரு பல்கலைக்கழக மாணவி வந்து கேட்டபோதும் அந்தத் திறந்த கேட்டைத்தான் காட்டினாள். என்ன ஒரு பெருமை அவளுக்கு!

இன்று பின்னேரம், கொட்டும் மழையில் வேலாயியைக் காணவில்லை.

வேலாயி ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தே முதுகு வளைந்தவர். இப்போது மகள் பேரும் மறந்துபோயிற்று. கட்டிலில் தலையணை கிடந்தது, உறையைக் காணோம். பஸ் அடித்திருக்குமோ, தெருவோர வடிகானுக்குள் விழுந்திருப்பாரோ? வேலை போனால் போகட்டும், அந்த மனுஷி உயிரோடு இருந்தால் போதும் என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டபடி யசோதினி ஓடினாள்.

இல்லத்துக்குப் பின்னால் காடேறிய பழைய தேயிலைச் சரிவில், பாறை விளிம்பில் நின்றார் வேலாயி. கீழே கிடுகிடு பள்ளம். வெறுங்காலோடு நின்று தலையணை உறைக்குள் இலை கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். பேர் சொல்லிக் கத்தினால் திடுக்கிட்டு விழுவார். இறங்கிப் பிடிக்கலாமென்றால் மழையில் பாறை வழுக்கியது. வேலாயி இன்னும் ஓரடி கீழே வைத்தார்.

யசோதினியும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். அம்மாவோடு கொழுந்து மலைக்குப் போன நாட்களில் கேட்ட குரல் எப்படியோ வாயில் வந்தது.

“கொழுந்து நிறுக்கிறாங்க, ஏறி வாங்க!”

வேலாயி திரும்பினார். செடிக்குச் செடி பிடித்து நிதானமாக ஏறி வந்து, நனைந்த உறையை நீட்டினார்.

“தண்ணிக்குன்னு நிறையில கழிச்சிறாதீங்க, தாயி.”

யசோதினி அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டாள்.

இல்லத்தில் யாரும் அவளை ஏசவில்லை. பொறுப்பாளர் மஸாஹிரா தேத்தண்ணி கொடுத்து, கேட் விஷயத்தை நாளைக்குப் பேசுவோம் என்றார். நாளைவரை யசோதினிக்குப் பொறுக்கவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பாறைதான் தெரிந்தது. அலுமாரியிலிருந்து பழைய பூட்டை எடுத்துப்போய்த் தன் கையாலேயே பூட்டினாள். சாவி கைநழுவிக் கீழே விழுந்தது.

பின்னாலேயே வந்த வேலாயி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாளைக்கு எந்த மலையில் வேலை என்று கேட்டார். நாளைக்கு வேலை இல்லை என்றாள் யசோதினி.

“நான் என்ன தப்பு செஞ்சேன், தாயி?”

யசோதினி சாவியைக் குனிந்து எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள்.