நோலா பீட்டர்சன் எரித்த விதை

மனவாட்டூ ஆற்றுப் பக்கத்துப் புல் ஆராய்ச்சி நிலையத்தில் நோலா பீட்டர்சனுக்கு இருபத்தாறு வருஷமாக ஒரே வேலை. வயலில் அளவுச் சட்டம் வைத்து வெட்டிவந்த புல்லைத் தட்டில் கொட்டி, இடுக்கியால் ஒவ்வொரு இலையாகப் பிரிப்பாள். புல் ஒரு பக்கம், வெள்ளை குளோவர் என்ற மூவிலைத் தீவனச்செடி ஒரு பக்கம், களை ஒரு பக்கம். பிறகு உலர்த்தி எடை போட்டு எழுதி வைப்பாள். ‘குளோவர் முப்பத்தொரு சதவீதம்’ என்று டாக்டர் பட்டம் வாங்கிய விஞ்ஞானிகள் கட்டுரையில் ஒற்றை வரியாக எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்த வரிக்கான கழுத்துவலி நோலாவுடையது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், “என் தட்டுல யாரும் வந்து விழலையே” என்பாள்.

எழுபத்துமூன்றாம் வருஷ வறட்சியில் போஹாங்கினா பள்ளத்தாக்கில் ஒரு ஆட்டுப் பண்ணைக்கு மாதிரி எடுக்கப் போனாள். அந்த நாட்டில் வெயில் நேராக விழும் வடக்குப் பார்த்த சரிவு முழுக்கக் கருகிக் கிடந்தது. ஆடுகள் வேரைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்தச் சரிவின் நடுவே, சட்டைப் பொத்தான் அளவு இலையோடு ஒரு குளோவர் பச்சையாகப் படர்ந்திருந்தது. நோலா மண்டிபோட்டுப் பேனாக்கத்தியால் அதைத் தோண்டி, சாண்ட்விச் டப்பாவில் ஈரக் கைக்குட்டை சுற்றி எடுத்து வந்தாள். அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. சாண்ட்விச்சை அந்தப் பண்ணை நாய் தின்றது.

விதை பெருக்கவே ஐந்து வருஷம் ஆயிற்று. டாக்டர் ஏதல் ரென்னி அதைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். “பத்து வருஷம் தாக்குப்பிடிச்சா இத மலைப் பண்ணைங்களுக்குக் குடுத்துடலாம் நோலா. நீங்க கொண்டு வந்ததுன்னு பேரோட எழுதறேன்” என்றார். அதுவரை அவள் பெயர் வருகைப் பதிவேட்டைத் தவிர எங்கும் எழுதப்பட்டதில்லை. அன்றிலிருந்து அந்தச் செடி அவளுக்குப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

சோதனைப் பாத்திகளுக்கு ஒரே ஒரு கட்டளை: யூரியா கூடாது. குளோவர் காற்றிலிருக்கும் தழைச்சத்தைத் தானே பிடித்துப் பக்கத்துப் புல்லுக்கும் கொடுக்கும். அதுதான் அதன் பெருமை. யூரியாவைப் போட்டால் புல் மடமடவென்று எழுந்து மேலே கவிந்துகொள்ளும். கீழே இருக்கும் குளோவர் வெளிச்சமில்லாமல் சாகும். அந்த ஊரில் பால் கறக்கிறவர் முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

முதல் நாலு வருஷம் குளோவர் முப்பதுக்குக் குறையவில்லை. ஐந்தாம் வருஷம் இருபத்திரண்டு. ஆறாம் வருஷம் பதிமூன்று. ஏழாம் வருஷம் ஐந்து. ஒவ்வொரு தட்டையும் நோலா இரண்டு முறை பிரித்துப் பார்த்தாள். ஒரு இலைகூடக் கூட்டி எழுதவில்லை. வேறொருத்தியாக இருந்தால் கை கொஞ்சம் தாராளமாகப் போயிருக்கும்.

ரென்னி சோதனையை நிறுத்தினார். கைவிட்ட ரகத்தின் விதை கிடங்கில் இருக்கக்கூடாது, நல்ல விதையோடு கலந்துவிடும் என்பது நிலையத்தின் சட்டம். நோலா பைகளைத் தானே தூக்கிப் போய்க் கொல்லைப்புறத்து உலையில் போட்டாள். ஒரு பிடியைக் கோட்டுப் பைக்குள் போட்டிருந்தால் எவன் கேட்டிருப்பான்? போடவில்லை. சட்டம் என்றால் அவளுக்குச் சட்டம்தான்.

அடுத்த வருஷம் நிலையத்தின் பண்ணை மேலாளர் மெர்வ் டஃப்ரி ஓய்வு பெற்றார். நல்ல மனுஷன். குளிர்காலத்தில் நோலாவின் கார் கிளம்பாவிட்டால் கேட்காமலே வந்து தள்ளிவிடுவார். டீ அறையில் விருந்து. பெண்கள் ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டு வந்தார்கள். நோலா அஸ்பாரகஸ் தண்டை வைத்துச் சுருட்டிய ரொட்டி செய்து வந்திருந்தாள். இரண்டு கிளாஸ் பீர் இறங்கியதும் மெர்வ் பேச எழுந்தார்.

“நம்ம நோலாவோட மலைப் பாத்திய நெனப்பிருக்கா? பண்ணைக்காரங்க சுத்திப் பாக்க வர்ற திறந்தநாள் வந்தா அதுக்கு மட்டும் மஞ்சக் காமாலை! ஒரு வருஷம் ஒரு பண்ணைக்காரன் வேலில சாஞ்சுக்கிட்டு, ‘என்னய்யா, உங்க ஆராய்ச்சி ஆஸ்பத்திரில படுத்திருக்கு’ன்னான். எனக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம் போல ஆயிடுச்சு. அடுத்த வருஷத்துலேர்ந்து மூணு வருஷமும், சனங்க வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடி, விடியக்காலைல போயி ஒரு மூட்டை யூரியாவ வீசிட்டு வந்துடுவேன். என்ன பச்சை, என்ன பச்சை! உன் மானத்தக் காப்பாத்தினது நான்தான் நோலா, ஞாபகம் வெச்சுக்க!”

அறையே குலுங்கிச் சிரித்தது. நோலாவின் கையிலிருந்த தட்டு மேஜைமேல் சாய்ந்தது.

“கொன்னுட்டியே, மெர்வ்” என்றாள்.

“யாரை?”

“என் குளோவர. மூணு வருஷமா நீ கொன்னிருக்க. அது தானா சாகுதுன்னு நான் எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்.”

மெர்வின் முகம் சிவந்தது. “ஒரு மூட்டைல என்னம்மா ஆயிடும்? வெறும் குளோவர் தானே! என் வீட்டுப் புல்தரைல அள்ள அள்ளக் கிடக்கு, வந்து எடுத்துக்க.”

மறுபடியும் சிரித்தார்கள். பாவம், அவர்களுக்கு விருந்து கெட்டுவிடக்கூடாது.

மறுநாள் சனிக்கிழமை போஹாங்கினாவுக்குக் காரை ஓட்டிப் போனாள். பண்ணை கைமாறியிருந்தது. சரிவு முழுக்க இடுப்புயரப் பைன் கன்றுகள். இடைவெளியெல்லாம் களைக்கொல்லி அடித்துச் செம்பட்டையாக்கியிருந்தார்கள். மாலைவரை கன்றுகளுக்கு நடுவே குனிந்து குனிந்து தேடினாள். ஒரு இலைகூட அகப்படவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

திங்கட்கிழமை ரென்னியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

“கட்டுரை போன மாசமே அச்சாயிடுச்சு, நோலா. இந்த ரகம் நிலைக்காதுன்னு எழுதியாச்சு.”

“அது பொய் டாக்டர். மாத்தி எழுதுங்க.”

“என்னன்னு? மூணு வருஷம் நம்ம ஆளே நம்ம பாத்தில யூரியா போட்டான், எங்களுக்குத் தெரியலேன்னா? ஊரே சிரிக்கும். அதோட விதையும் இல்ல. வெச்சு நிரூபிக்க என்ன இருக்கு?”

அவள் கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “நான் வருஷத்துக்கு ரெண்டு தரம் வேலி ஓரமா நின்னு பாக்கறவன். எனக்குத் தெரியல, சரி. நீங்க ஒவ்வொரு இலையாப் பிரிச்சீங்களே. அந்தப் புல்லு அவ்வளவு கரும்பச்சையா, அகலமா இருந்தத நீங்க பாக்கலையா?”

நோலா தன் விரல்களைப் பார்த்தாள். இடுக்கி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள்.

“பாத்தேன்” என்றாள். “மூணு வருஷமும் பாத்தேன் டாக்டர். நல்ல மழைன்னு நெனச்சேன்.”