சத்தம் நின்ற பிள்ளை

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் வாசல் மேசையில் உட்காரும் நர்சுக்குக் ‘காதக்கா’ என்று பெயர் வைத்தவர் டாக்டர்தான். காய்ச்சலும் இரைப்புமாக நாலைந்து கைக்குழந்தைகள் ஒன்றாக வந்தாலும், எதை முதலில் உள்ளே அனுப்ப வேண்டும் என்று நிமிர்ந்து பார்க்காமலே, மூச்சுச் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவாள். மூக்கடைத்துக் கொரகொரத்தால் காத்திருக்கலாம். மூச்சை இழுக்கும்போது கீச்சிட்டால் தொண்டை. விடும்போது விசிலடித்தால் நெஞ்சு. அவை இரண்டும் காத்திருக்கக் கூடாதவை. வீட்டில் கணவர் குறட்டை விட்டாலும், "உங்களுக்கு ஒண்ணுமில்ல, திரும்பிப் படுங்க" என்பாள். பதினாறு வருஷமாக ஊரே மெச்சினால் யாருக்குத்தான் தலைக்கேறாது?

அன்று காலை வராந்தாவில் நிற்க இடமில்லை. ஐந்து மாதப் பிள்ளையோடு ஒரு பெண் வந்தாள். உடம்பு கொதித்தது, மூச்சில் விசில். உள்ளே டாக்டர் வேறொரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்து நீதாம்மா. இங்கயே நில்லு" என்றாள் காதக்கா.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அக்கா, சத்தம் நின்னுடுச்சு. நேத்துலேர்ந்து கண்ணே மூடல, இப்பதான் தூங்குறான்."

காதக்கா காது கொடுத்துக் கேட்டாள். விசிலே இல்லை. துணியை விலக்கி, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அரை நிமிஷ வேலை. ஆனால் தூங்கும் பிள்ளையை எழுப்பக்கூடாது என்பது அந்த மேசையில் அவளே போட்ட சட்டம்.

"தூங்கட்டும், பாவம். நீ போய் உக்காரு" என்று சொல்லிவிட்டு, வீல் வீலென்று கத்திய இன்னொரு குழந்தையை உள்ளே அனுப்பினாள். கத்துவதற்கு அதற்கு மூச்சாவது இருந்தது.

இருபது நிமிஷம் கழித்துத் துணியை விலக்கியபோது உதடு நீலமாகியிருந்தது. அவன் தூங்கவில்லை. மூச்சுக்குப் போராடிப் போராடி ஓய்ந்துபோயிருந்தான். காற்றே போகாத நெஞ்சில் விசில் எங்கிருந்து வரும்? டாக்டர் ஒரு மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தார். பிழைக்கவில்லை.

தாய் வராந்தாத் தரையில் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "தூங்குறான்னு நான்தானே சொன்னேன்! என் பிள்ளைய நானே கொன்னுட்டேனே!"

சுற்றி நின்றவர்கள் விதி என்றார்கள். வாயைத் திறக்காதே என்று டாக்டர் காதக்காவுக்குக் கண்ணைக் காட்டினார். திறந்தால் வேலை போகும். ஆனால் செய்யாத கொலையைச் சுமந்துகொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பெத்தவ தூங்குறான்னுதான் சொல்லுவா. துணிய விலக்கிப் பாக்க வேண்டியது நான். பாக்கல."

அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. தாய் அவள் முகத்தையே பார்த்தாள்.

"பாத்திருந்தா?"

"பொழச்சிருப்பாம்மா" என்றாள் காதக்கா.