குழாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

ஆம்ப்ளிஃபயர் சூடேறும்போது ஒரு வாசனை வரும். தூசி கருகுகிற வாசனை. அதோடு பந்தலில் கட்டிய வாழை மரத்தின் பச்சை வாசனையும் சேர்ந்தால்தான் எனக்குக் கல்யாணம்...

நண்பர்களே, போன வருஷம்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிறேன். இந்த வயதில் இவ்வளவு சந்தோஷம் மிச்சம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. பொறுமையாகப் படியுங்கள்.

எண்பதுகளில் பம்மலில் மைக் செட் வைத்திருந்தேன். ரிக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர்கள். பாட்டுப் போட போலீஸ் ஸ்டேஷனில் பர்மிஷன் வேண்டும். அதைக் கல்யாண வீட்டுக்காரரே வாங்கி வருவார். பாட்டு யாருக்குச் சொந்தம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஆனால் எங்களுக்கு இன்னொரு பர்மிஷன் உண்டு. குழாயைக் கட்டுவதற்கு முன் தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்போம். பச்சைக் குழந்தை இருக்கிறதா, யாராவது படுத்த படுக்கையா... அதைப் பார்த்துத்தான் குழாயின் வாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்வோம்.

அனகாபுத்தூரில் தறிக்காரர் கன்னியப்பன் மகள் வசந்தாவுக்குக் கல்யாணம். எதிர் வீட்டில் தேவராஜ். தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தவர், பக்கவாதம் வந்து ஜன்னலோரம் கிடந்தார். சாக்கடைத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. பத்திரிகைகூட வைக்கவில்லை.

கன்னியப்பன் அந்த ஜன்னலைக் காட்டினார்.

"குழாய அங்க பாத்து கட்டு. நல்லா அலறட்டும்."

"அண்ணா, அந்த வூட்ல ஒருத்தரு படுத்துகினு கீறாரே..."

"ஸ்டேஷன்ல பர்மிஷன் வாங்கியாச்சு. உனக்கு இன்னா பேஜாரு? கட்டுப்பா."

கயிறும் கையுமாக நின்றேன். கட்டினால் நோயாளிக்கு வதை. கட்டாவிட்டால் கல்யாண வீட்டில் பாட்டே கிடையாது. வழக்கப்படி எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். தேவராஜின் மனைவி எஸ்தர் அக்கா வந்தார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய் அவரிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"இங்க பாத்தே கட்டச் சொல்றாரு."

"அக்கா, சத்தம் தாங்க மாட்டாரு."

"வசந்தாவத் தோள்ல தூக்கினு திரிஞ்ச மனுஷன்பா. பத்திரிகை வெச்சிருந்தாலும் எழுந்து வர முடியுமா? காதாலயாவது கல்யாணத்தப் பாக்கட்டும். அவரு பேரச் சொல்லி பொண்ணுக்கு ஒரு பாட்டு போடு."

ஜன்னலைப் பார்த்தே கட்டினேன். "அப்படிப் போடு!" என்று கன்னியப்பன் மீசையைத் தடவிக்கொண்டார்.

காலையில் தாலி ஏறியது. மேளம் ஓய்ந்ததும் மைக்கைக் கையில் எடுத்தேன்.

"அடுத்த பாட்டு, மணமகள் வசந்தாவுக்காக... எதிர் வீட்டு தேவராஜ் மாமாவின் விருப்பம்."

பந்தலே என்னைத் திரும்பிப் பார்த்தது. பாட்டு தொடங்கியது. கன்னியப்பன் நேராக என்னிடம் வந்தார். ஒயரைப் பிடுங்கப் போகிறார் என்று ஆம்ப்ளிஃபயரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிர் ஜன்னலைப் பார்த்தார். கம்பிக்குள் ஒரு கை மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் கொறைப்பா," என்றார். "படுத்துகினு கீறவரு..."

பாட்டு முடிவதற்குள் வசந்தா மாலையோடு தெருவைத் தாண்டி எதிர் வீட்டுக்குள் போய்விட்டாள்.

இப்போது என் பேரன் டிஜே. "பப்ளிக் ஈவென்ட்னா பாட்டோட ஓனர்கிட்ட லைசென்ஸ் வாங்கணும் தாத்தா. கல்யாணத்துக்கு சட்டத்துல விலக்கு இருக்குன்றாங்க. ஆனா ஹால் மேனேஜர் அதுக்கும் கேக்கறாரு" என்கிறான். பாட்டை உண்டாக்கியவருக்குச் சேர வேண்டியது சேரட்டும், நியாயம்தானே. போன வாரம் அவன் போனில் வந்த லைசென்ஸை எழுத்துக் கூட்டி நானே படித்தேன். நானே! இடம், நாள், நேரம் எல்லாம் இருந்தது. எதிர் வீடு மட்டும் இல்லை.

கிழக்குத் தாம்பரத்தில் அவன் பாட்டுப் போட்ட கல்யாண ஹாலுக்கும் போனேன். ஏசிக்காகக் கதவெல்லாம் சாத்தியிருந்தார்கள். பாட்டு நெஞ்சில் இடித்தது. மெதுவாக வெளியே வந்து தெருவில் நின்றேன். எதிரே அடுக்குமாடி வீடுகள். ஒரு ஜன்னலில் ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஹாலின் சீரியல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேரன் தேடிக்கொண்டு வந்தான். "இன்னா தாத்தா, சத்தம் ஜாஸ்தியா கீதா?"

"இல்லடா கண்ணு... இங்க ஒண்ணுமே கேக்கல."