வேண்டாமுங்க என்ற காளிதாஸ்

சங்ககிரிக் கோட்டை மேல் ஏறி நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற லாரி ஆபீஸ் ஒவ்வொன்றிலும் என் மகன் குணசீலனிடம் படித்தவர் ஒருவராவது உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். உண்மையில் மூன்றே ஆபீஸ். அதிலும் ஒன்றை இப்போது மூடிவிட்டார்கள். அப்படி ஓர் ஆபீஸில் உட்கார்ந்திருக்க வேண்டிய காளிதாஸைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

காளிதாஸ் லாரி டிரைவர். நாக்பூருக்கு அப்பாலும் லோடு கொண்டு போனவர். மலைப்பாதை ஒன்றில் வண்டி கவிழ்ந்து இடது முழங்கால் நொறுங்கிப்போனது. கிளச் மிதிக்கிற கால். கம்பி வைத்து நடக்க வைத்துவிட்டார்கள்; ஓட்ட வைக்க முடியவில்லை. முதலாளி இரக்கமுள்ளவர். "லாரி ஆபீஸ் படிப்பை இப்பப் போன்லயே சொல்லித் தர்றாங்க. முடிச்சுட்டு வாங்க காளிதாஸ், பொங்கல் வரைக்கும் புக்கிங் கிளார்க் நாற்காலியை உங்களுக்குன்னு வெச்சிருக்கறேன்" என்றார். காளிதாஸின் மனைவி கந்தம்மாள் அன்றைக்கே அக்கம்பக்கம் பூராவும் சொல்லிவிட்டாள்.

அந்தப் படிப்பை நாமக்கல்லில் ஒரு பயிற்சி மையம் நடத்துகிறது. குணசீலன் அங்கே வாத்தியார். அவன் போய்ச் சேர்ந்தபோது பாடத்திட்டம் என்ற பெயரில் பக்கம் பக்கமாக இங்கிலீஷ் இருந்தது. 'யூனிட் ஒன், இன்ட்ரொடக்ஷன்' என்று பார்த்ததுமே டிரைவர்கள் போனை மூடி வைத்துவிடுவார்கள். அவன் அதையெல்லாம் தூக்கிவிட்டு ஒரே பக்கத்தில் எழுதினான். இந்த வாரம் எதைப் படிக்கிறோம், எந்தக் கிழமைக்குள் எதை அனுப்ப வேண்டும், அதற்கு எத்தனை மார்க், சிக்கிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது. ஏற்றுகிற இடமும் இறக்குகிற இடமும் தெரியாமல் எந்த டிரைவர் சாவியைத் திருகுவார்?

பாடத்தையும் அப்படித்தான் கொடுப்பான். முதலில் மாதிரிக்கு முழுதாக நிரப்பிய சரக்கு பில் ஒன்று. அடுத்த வாரம் அதேபோல இன்னொரு பில், ஆனால் இரண்டு இடம் காலி. அப்புறம் பாதி காலி. கடைசியில் வெறும் பில். "கட்டடம் காயற வரைக்கும் சாரம் நிக்கோணும். காஞ்சப்புறம் ஒவ்வொரு கழியா அவுக்கோணும்" என்பான்.

காளிதாஸுக்கு இது பிடித்துப்போனது. போனில் அவர் பேசுவது எங்கள் சமையலறை வரை கேட்கும்.

"சார், உங்க பாடத்துல டோல்கேட் ஜாஸ்திங்க. எழுதி அனுப்புன்னு வாரம் ஒண்ணு வந்து குறுக்கால நிக்குது."

"நிக்காமப் போனா ஓவர்லோடுன்னு புடிச்சுருவாங்கண்ணா."

"அதுக்குத்தானுங்க உங்களைக் கிளீனரா ஏத்திக்கிட்டேன்."

பாதி தூரம் வந்ததும் குணசீலன் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினான். இனி மாதிரி பில் இல்லாமல் செய்வீர்களா, இன்னும் கொஞ்ச நாள் மாதிரி வேண்டுமா என்று. காளிதாஸ் அனுப்பிய பதில்: 'வேண்டாமுங்க சார்.'

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடக் கூப்பிட்டால் முதல் வார்த்தை அதுதான். வயிறு ஒட்டிக் கிடந்தாலும் "வேண்டாமுங்க, இப்பத்தான் ஆச்சு" என்பார். கூப்பிட்டவுடன் உட்கார்ந்தால் பறக்காவெட்டி என்று நினைத்துவிடுவார்களாம். அதைக் கேட்டு யாரும் சோற்றுப் பானையை மூடுவதில்லை. தட்டை வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுவோம்; அதற்கும் மேலே கூப்பிடுவோம்; அப்புறம்தான் அவர் கை கழுவ எழுந்திருப்பார். குணசீலனும் விருந்தாளியைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கிறவன்தான். ஆனால் போனில் வந்த பதிலுக்கு முகம் இல்லையே. வேண்டாம் என்றவர்களுக்கு அடுத்த வாரம் வெறும் பில்லை அனுப்பிவிட்டான்.

காளிதாஸ் அதன்பின் டோல்கேட் பேச்சுப் பேசவில்லை. வீட்டில் ஏதாவது வேலையிருக்கும் என்று குணசீலன் நினைத்துக்கொண்டான். பரீட்சையில் அவர் பில்லை எழுதாமலே அனுப்பியிருந்தார். இவன் பதறிப்போய்க் கூப்பிட்டான்.

"வெறும் பில்லைப் பாத்ததும் கை நின்னு போச்சுங்க சார். எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்கண்ணா? நான் கேட்டேனே."

"கேட்டீங்க சார். ஒரு தடவ கேட்டீங்க."

குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். பொங்கல் வந்தது, போனது. அந்த நாற்காலியில் முதலாளியின் மச்சான் மகன் உட்கார்ந்தான். கந்தம்மாள் தண்ணீர் பிடிக்கக்கூட ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனாளாம்.

இப்போது குணசீலன் யாரிடமும் கேட்பதில்லை. எல்லோருக்கும் மாதிரியை அனுப்பிவிடுகிறான். வேண்டாதவர் பார்க்காமல் விடலாம் என்று பாடத்திட்டத்திலேயே போட்டிருக்கிறான்.

காளிதாஸ் மறுபடி பரீட்சை எழுதினார். முதல் மார்க். சங்ககிரியில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அவர் தலையசைத்தால்தான் வடக்கே போகிற லாரிகளெல்லாம் கிளம்புகின்றன.

இதுவரை எழுதியதை என் மருமகள் நர்மதா வாங்கிப் படித்தாள்.

"அத்தை, அவர் எங்கீங்க மறுபடி எழுதினாரு? எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணையில வாட்ச்மேனா இருக்காரு. போன வாரங்கூட உங்க மகன் நேர்ல போய், மறுபடி எழுதுங்கன்னு கூப்பிட்டுப் பாத்தாருங்க. அவரு டீ வாங்கிக் குடுத்து, இவரைப் பஸ் ஏத்தி அனுப்பிட்டாராம்."