புரோகிராமில் எத்தனை பர்சென்ட் வேஸ்ட்?

1. உள்ளே தூறல்

நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள், கம்ப்யூட்டர்களின் மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில். மழை கட்டடத்துக்குள் மட்டும்தான்.

கோவை திருச்சி ரோட்டில் ஒரு ஸ்பின்னிங் மில்லின் பழைய ஹாலில் கம்பெனி நடந்தது. பஞ்சு காய்ந்துபோனால் நூல் அறுந்துபோகும் என்பதால் மில்களில் மேலேயிருந்து ஈரக்காற்று அடிப்பார்கள். நூற்கும் மெஷின்களைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர்களை வைத்தவர்கள் அந்த ஈரக்காற்றை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். நான் பதறியடித்துக்கொண்டு எம்.டி.யின் அறைக்கு ஓடினேன்.

"ஏனுங்க சுந்தரம், கம்ப்யூட்டருக்குக் குளிர்ச்சி வேணும்னு இன்டர்வியூல நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"குளிர்ச்சி வேணுமுங்க. ஈரம் ஆகாதுங்க."

"அப்படிங்களா. நம்ம மில்லுல ரெண்டும் ஒன்னாத்தானுங்க வரும்" என்றார். ஆனால் நல்ல மனிதர். அடுத்த வாரமே ஏ.சி. போட்டுக் கொடுத்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. எங்கள் எம்.டி. ஏன் சாஃப்ட்வேரில் இறங்கினார் என்று எல்லோரும் என்னைக் கேட்பார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் பக்கத்து மில்காரர் பந்தியில் உட்கார்ந்து, "நாங்க சாஃப்ட்வேர்ல எறங்கிட்டோமுங்க" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் எம்.டி. பாயசம் குடித்து முடிப்பதற்குள் முடிவெடுத்துவிட்டார். இதைக் கேட்டு அன்று சிரித்தேன். பிற்பாடு பெரிய பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்தபோது, கோட்டு போட்ட ஆலோசகர்கள் மூன்று மாதம் படம் காட்டி விளக்கிய முடிவுகளையும் பார்த்தேன். அவற்றுக்கும் காரணம் பக்கத்துக் கம்பெனிக்காரன்தான். பாயசம் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

2. மாஸ்டர் வந்தார்

எனக்குக் கொடுத்த பதவி சிஸ்டம்ஸ் மேனேஜர். கம்ப்யூட்டரில் என்ன ரிப்பேர் வந்தாலும் என் பொறுப்பு. ஆனால் புரோகிராம் எழுதும் பிள்ளைகளை மேய்க்கும் பொறுப்பை எம்.டி. பழனிசாமி மாஸ்டரிடம் கொடுத்தார். மாஸ்டர் என்றால் ஸ்பின்னிங் மாஸ்டர். மில்லில் நூல் உற்பத்திக்கு அவர்தான் எஜமான். மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த வரிசையில் நூல் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சாஃப்ட்வேர் ஹாலில் சத்தமே இல்லாதது அவருக்குப் பெரிய மனக்குறை.

வந்த முதல் நாளே கேட்டார். "இங்க என்னங்க உற்பத்தி?"

"புரோகிராமுங்க."

"அத எதுலீங்க அளக்கறது? நூலுன்னா கிலோவுல அளக்கறோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் பிரபு என்கிற பையன், "வரிக் கணக்குங்க மாஸ்டர். எத்தன வரி எழுதறமோ அத்தன உற்பத்தி" என்று எடுத்துக்கொடுத்துவிட்டான். மாஸ்டரின் முகம் மலர்ந்தது. அதோடு எங்கள் எல்லோருடைய தலையெழுத்தும் முடிவாகிவிட்டது.

மறுநாள் வாசலில் ஒரு கரும்பலகை வந்தது. யார் எத்தனை வரி என்று தினமும் சாயங்காலம் மாஸ்டரே சாக்பீஸால் எழுதுவார். அதிகம் எழுதியவருக்கு ஆயுத பூஜைக்கு எவர்சில்வர் குடம் என்று அறிவித்தார்கள். பிள்ளைகளும் சும்மா இல்லை. ஒரே வரியில் எழுத வேண்டியதை நாலாக ஒடித்தார்கள். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும் குறிப்பு வரிகளில் ஒருவன் ஹாஸ்டல் மெஸ்ஸின் வாராந்திரப் பலகாரப் பட்டியலையே எழுதிவைத்தான். பிரபு எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டான். சம்பளக் கணக்குக்கு ஜனவரிக்கு ஒரு துண்டு, பிப்ரவரிக்கு ஒரு துண்டு என்று பன்னிரண்டு மாதத்துக்கும் தனித்தனியாக எழுதினான். குடம் அவனுக்குத்தான் போனது.

மாஸ்டர் அதோடும் விடவில்லை. மில்லில் உற்பத்திக்குப் பக்கத்திலேயே இன்னொரு கணக்கு உண்டு. உள்ளே போன பஞ்சில் எவ்வளவு கழிவாகப் போனது என்கிற கணக்கு. அதற்கு வேஸ்ட் பர்சென்டேஜ் என்று பெயர். "இங்க வேஸ்ட் எவ்வளவுங்க?" என்று கேட்டார். எழுதிய வரியை அழித்தால் அது வேஸ்ட் என்று அவரே முடிவும் கட்டினார். வேஸ்ட் அதிகமானால் மெமோ. அன்றிலிருந்து எங்கள் ஹாலில் யாரும் எதையும் அழிப்பதில்லை. தப்பாக எழுதியதும் உள்ளேயே கிடந்தது, அதைச் சரிசெய்ய எழுதியதும் மேலே ஏறிக்கொண்டது.

3. மெர்சி

வால்பாறையில் டீ எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் மெர்சி ராணி. அப்பா, அம்மா இருவரும் எஸ்டேட் தொழிலாளிகள். அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. ரிட்டயர் ஆனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். மெர்சி எங்களிடம் புரொபேஷனில் இருந்தாள். வேலை கன்ஃபர்ம் ஆனால் கோவையில் வாடகை வீடு பார்த்துப் பெற்றவர்களைக் கீழே அழைத்து வந்துவிடலாம் என்பது அவள் கணக்கு. மத்தியானம் சாப்பிடும்போது கூட, சிங்காநல்லூர் பக்கம் வீடு எப்படி, தண்ணீர் வருமா என்றுதான் விசாரித்துக்கொண்டிருப்பாள்.

திருப்பூரில் சுப்பண்ணன் என்று ஒரு பனியன் எக்ஸ்போர்ட்டர். எங்கள் மில் நூலின் பழைய வாடிக்கையாளர். எம்.டி. முகத்துக்காக எங்கள் புரோகிராமையும் வாங்கியிருந்தார். எந்தப் பெட்டியில் எந்த சைஸ் பனியன் எத்தனை என்று பேக்கிங் லிஸ்ட் போடும் புரோகிராம், பிரபு எழுதியது. அது லிஸ்ட் போட ஆரம்பித்தால் சுப்பண்ணன் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தாலும் பாதியில்தான் நிற்கும். தூத்துக்குடிக்குப் போக வேண்டிய கன்டெய்னர் லாரி வாசலில் காத்துக் கிடக்கும்.

சுப்பண்ணன் போனில் கூப்பிட்டார். கோயமுத்தூர்ப் பக்கம் கோபத்துக்கும் 'ங்க' போட்டுத்தான் ஆகவேண்டும். "ஏனுங்க மேனேஜருங்க, உங்க கம்ப்யூட்டருக்குப் பதிலா நாலு கணக்குப்பிள்ளைய வெச்சிருந்தா லாரி இந்நேரம் மதுர தாண்டியிருக்குமுங்க. நான் தப்பா ஏதாச்சும் சொல்லிப்போட்டனுங்களா?"

மெர்சியை அனுப்பினேன். பிரபுவின் புரோகிராமைப் படித்தாள். வேண்டாததை எல்லாம் அழித்தாள். திரும்பத் திரும்ப வந்ததை ஒரே துண்டாகச் சுருக்கினாள். கடைசியில் பழையதில் கால்வாசிதான் மிஞ்சியது. சுப்பண்ணன் டீ வாங்கிவரச் சொல்லி ஆளை அனுப்பினார். டீ வருவதற்கு முன்னால் லிஸ்ட் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மாஸ்டர் கரும்பலகையின் முன் வெகுநேரம் நின்றார். மெர்சியின் உற்பத்தி, பூஜ்யத்துக்கும் கீழே. மைனஸ் போட்டு எழுதுவது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சிவப்பு சாக்பீஸ் தேடி எடுத்து எழுதினார். மறுநாள் மெமோ வந்தது: அளவுக்கு மீறிய வேஸ்ட், விளக்கம் தரவும்.

4. கோம்பிங்

எம்.டி.யிடம் போனேன். குறைவான வரியில் வேலை முடிந்தால் அதுதான் நல்ல புரோகிராம் என்று மணிக்கணக்கில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சுந்தரம், கொறச்சலா எழுதறவங்கதான் கெட்டிக்காரங்கன்னா, ஒன்னுமே எழுதாதவருக்கு என்னங்க குடுக்கறது?"

அப்படி ஒன்றுமே எழுதாதவர்கள் இரண்டு பேர் எங்களுக்கு டைரக்டர்களாக இருந்தார்கள்.

வெறுத்துப்போய் கேன்டீனுக்கு வந்தேன். மாஸ்டர் வடையைப் பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் மனசு சரியில்லை. "பாவமுங்க அந்தப் புள்ள. ஆனா வேஸ்ட் வேஸ்ட்டுதானுங்களே" என்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"மாஸ்டர், நைஸ் நூலுக்குக் கோம்பிங் பண்றீங்களே, அதுல என்னங்க பண்ணுவீங்க?"

"பஞ்ச சீவறதுங்க. குட்டைப் பஞ்செல்லாம் வெளிய வந்துரும். நீளப் பஞ்சுதான் நிக்கும்."

"அந்தக் குட்டைப் பஞ்சு வேஸ்ட்டுங்களா?"

"வேஸ்ட்டுதானுங்க. ஆனா எடுத்தாத்தான் நூலுக்கு வெல." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். வடையைத் தட்டில் வைத்தார். "அட, அந்தப் புள்ள கோம்பிங்தானுங்களே பண்ணியிருக்குது. இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?"

நேராகப் போய்ச் சிவப்பு மைனஸைக் கையாலேயே அழித்தார். என்னைக் கூட்டிக்கொண்டு எம்.டி.யிடம் போய் அவரே பேசினார். நான் மணிக்கணக்கில் சொல்லிப் புரியாதது, மாஸ்டர் ஒரு நிமிடத்தில் சொன்னதும் புரிந்துவிட்டது.

"அப்ப நம்முளுது கோம்டு புரோகிராமுங்களா? அப்படின்னா வெலைய எச்சா வெக்கலாமுங்களே" என்றார் எம்.டி.

மெமோ ரத்தானது. மெர்சி எனக்கு ஒரு பாக்கெட் எஸ்டேட் டீத்தூள் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வாரம் நான் தரையிலேயே நடக்கவில்லை.

5. இரண்டாவது மெமோ

திங்கட்கிழமை கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு சர்க்குலர் ஒட்டியிருந்தது. நம் மில்லில் கோம்பிங்கில் பதினெட்டு பர்சென்ட் எடுக்கிறோம். ஆகவே இனி எல்லாப் புரோகிராமிலும் மாதாமாதம் பதினெட்டு பர்சென்ட் எடுக்கப்பட வேண்டும். குறைந்தால் விளக்கம் கேட்கப்படும்.

பிரபு அசரவே இல்லை. காலையில் பக்கம் பக்கமாகக் கண்டதை எழுதினான், சாயங்காலம் அதை அழித்தான். உற்பத்தியிலும் முதல், கோம்பிங்கிலும் முதல். கோம்பிங்குக்கென்று வைத்த இரண்டாவது குடமும் அவனுக்கே. வரப்போகும் கல்யாணத்துக்குச் சீர்வரிசை சேருகிறது என்று மற்ற பிள்ளைகள் கிண்டலடித்தார்கள்.

மாட்டிக்கொண்டது மெர்சிதான். அவள் புரோகிராமில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

"வேஸ்ட் இல்லாத பஞ்சு உண்டுங்களா, கண்ணு? ஒழுங்கா ஓட்டுனா வந்துபோடும்" என்றார் மாஸ்டர். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

"இனிமே எடுத்தா புரோகிராம் ஓடாது சார்."

"கொஞ்சூண்டு எடுத்துப் பாரு, அம்மிணி."

அவள் எடுக்கவில்லை. பொய்யாக எழுதி அழிக்கவும் மனம் வரவில்லை. மெமோ வந்தது: போதுமான வேஸ்ட் இல்லை. கன்ஃபர்மேஷன் தள்ளிவைக்கப்பட்டது. வால்பாறையில் அப்பாவுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி எஸ்டேட் ஆபீஸில் சொல்லிவிட்டிருந்தார்கள்.

மெர்சி இரண்டு மெமோவையும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "எங்கம்மா கொழுந்து எடுக்குறாங்க சார். எஸ்டேட்ல எடைய மட்டும்தான் பாப்பாங்க. இங்க எடுத்தாலும் மெமோ, எடுக்கலைன்னாலும் மெமோ" என்றாள். அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. எம்.டி.யிடம் மறுபடியும் போனேன். "நீங்க சொன்ன கோம்பிங்தானுங்களே" என்றார். அத்தனை கோபம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கோபம் வந்து என்ன செய்ய, சர்க்குலர் சர்க்குலராகவே இருந்தது.

மெர்சி ராஜினாமா கொடுத்தாள். சுப்பண்ணன் அதைக் கேள்விப்பட்டு அன்றைக்கே ஆள் அனுப்பித் தன் கம்பெனியில் சேர்த்துக்கொண்டார். கம்பெனிக்குப் பின்னால் ஒரு வீடும் கொடுத்தார். வால்பாறையிலிருந்து சாமான்கள் வந்து இறங்கிய மறுநாள் பால் காய்ச்சினார்கள். நானும் போயிருந்தேன். மெர்சியின் அப்பா குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

6. திருப்பூர் பயணம்

சில மாதம் கழித்து சுப்பண்ணன் எங்கள் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. எம்.டி.யே நேரில் கிளம்பினார். என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். சுப்பண்ணன் இளநீர் கொடுத்து உபசரித்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெர்சி வேலையாக இருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். எம்.டி. கோம்டு சாஃப்ட்வேரின் பெருமைகளை எல்லாம் எடுத்துச் சொன்னார். சுப்பண்ணன் கடைசிவரை கேட்டார்.

"எங்கப்பாரு காலத்துல இருந்து உங்க நூலத்தானுங்க ஓட்டறோம். ஒரு கொறை சொல்ல முடியாது. நீங்க நூல மட்டும் தாட்டி உடுங்க, போதும்" என்றார்.

திரும்பும்போது அவிநாசி வரை எம்.டி. பழைய கான்ட்ராக்ட்டையே புரட்டிக்கொண்டு வந்தார். மனிதருக்கு உறைத்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவிநாசி தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

"சுந்தரம், ஒரு விஷயத்த நாம கவனிக்காமயே உட்டுப்போட்டமுங்க. ஆளுக வேலைய உட்டுப் போறாங்களே, அதுக்கும் ஒரு வேஸ்ட் பர்சென்டேஜ் வெச்சிருக்கோணும். மாஸ்டர்கிட்டச் சொல்லி நாளையில இருந்தே போர்டுல எழுதச் சொல்லுங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பல வருஷம் கழித்து பெங்களூரில் ஒரு கண்ணாடிக் கட்டடக் கம்பெனியில், அதே கணக்கைப் பெரிய திரையில் வண்ண வண்ணமாகக் காட்டினார்கள். அட்ரிஷன் என்றார்கள். எத்தனை பர்சென்ட் வரை போகலாம் என்று அதற்கும் ஓர் அளவு வைத்திருந்தார்கள். சுற்றியிருந்தவர்கள் மும்முரமாகக் குறித்துக்கொண்டார்கள். எங்கள் எம்.டி. காலத்துக்கு முந்திப் பிறந்துவிட்டார் போலிருக்கிறது.

புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. உங்கள் வேலையை முதலாளிக்கு அவருடைய தொழிலின் பாஷையில் விளக்கினால் அவருக்கு உடனே புரிந்துவிடும். அவருக்குப் புரிந்தது அவருடைய தொழில்தான், உங்களுடையது இல்லை. ஆகவே அவர் தலையாட்டியதும் சந்தோஷமாக எழுந்து வந்துவிடாதீர்கள். திங்கட்கிழமை என்ன சர்க்குலர் போடப்போகிறார் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.